வேரோடு வந்தால்தான் மதிப்பெண்

எங்கள் கல்லூரியில் தாவரவியல் துறைத்தலைவரும் விலங்கியல் துறைத்தலைவரும் சகலப்பாடிகள். அக்காளைக் கட்டியவர் விலங்கியல், தங்கையைக் கட்டியவர் தாவரவியல். இந்த ஒரு விஷயம் தெரிந்தால் போதும், தொண்ணூறுகளின் நடுவில் அந்தக் கல்லூரியில் உயிரியல் என்ற பெயரில் நடந்த கூத்து முழுக்க விளங்கிவிடும். தெரியாதவர்கள் இரண்டு பேரும் அறிவியல் பேசுகிறார்கள் என்று வாயைப் பிளந்துகொண்டு கேட்பார்கள். நானும் ஆரம்பத்தில் அப்படித்தான் கேட்டேன்.

மாமனார் வீடு ஆற்றுக்கு அக்கரையில். ஒரு காலத்தில் வயலும் வாழைத்தோட்டமுமாக வாழ்ந்த குடும்பம், அப்போது வீடும் வீம்பும்தான் மிச்சம். அங்கே கல்யாணம், சடங்கு, மறுவீடு எதுவானாலும் சொதிச் சாப்பாட்டுக்கு முதல் இலை மூத்த மருமகனுக்குத்தான். இளைய மருமகன், அவர்தான் என் ஆராய்ச்சி வழிகாட்டி, இரண்டாவது இலையில் உட்கார்ந்துகொண்டு, "அண்ணாச்சிக்கு இன்னும் கொஞ்சம் இஞ்சிப்பச்சடி வைங்க" என்று சொல்ல வேண்டும். இவர் முனைவர் பட்டம் வாங்கினவர், அவர் வாங்காதவர். வேலையிலும் இவர்தான் மூத்தவர். ஆனால் பெண்டாட்டி இளையவளாகிப் போனதால் இலை இரண்டாவது. அந்த எரிச்சலை விழுங்கிக்கொண்டு திங்கட்கிழமை கல்லூரிக்கு வருவார். வாசலைத் தாண்டியதும் அண்ணாச்சி போய், சமமானவரைக் கூப்பிடுகிற 'வே' வந்துவிடும். "என்ன வே, ஒம்ம தவளையெல்லாம் சொகமா இருக்கா?" என்று ஆரம்பிப்பார்.

நான் அவரிடம் ஆராய்ச்சி மாணவி. கூடவே மணிக்கணக்குச் சம்பளத்தில் செய்முறை வகுப்பும் எடுத்தேன். ஆராய்ச்சி மாணவி என்றால் என்னவோ நுண்ணோக்கிக்கு முன்னால் தவம் கிடப்பவள் என்று வெளியே நினைத்துக்கொள்வார்கள். வழிகாட்டி வீட்டுக்கு கேஸ் சிலிண்டர் சொல்லிவைப்பது, அவர் மகனுக்குப் பள்ளிக்கூடத்துப் படம் வரைந்து கொடுப்பது, அவர் பெயரைப் போட்டுக்கொள்ளத் தோதாகக் கட்டுரை எழுதுவது, இதெல்லாம் போக மிச்ச நேரத்தில் ஆராய்ச்சி. கேவலமான பிழைப்புதான். ஆனால் என்னிடம் ஒரு செடி இருந்தது, அதனால் பொறுத்துக்கொண்டேன்.

அது காசித்தும்பை இனம். வாசலில் வைக்கிற காசித்தும்பை இல்லை, காட்டுச் செடி. மாஞ்சோலைக்கு ஏறுகிற மலைப்பாதையில் ஒரு வளைவில், மேலேயிருந்து தண்ணீர் கசிந்துகொண்டே இருக்கும் ஒரு செங்குத்துப் பாறை. ஆனிச் சாரல் விழுந்ததும் பாறையில் பாசி பிடிக்கும், பாசிக்குள்ளிருந்து இரண்டு மூன்று இலைகள் எட்டிப்பார்க்கும். தண்டு என்று சொல்ல ஒன்றும் கிடையாது. நடுவிலிருந்து நூல்போல ஒரு காம்பு, அதில் கட்டைவிரல் நகத்தைவிடச் சின்னதாக இளஞ்சிவப்புப் பூ. ஐப்பசியில் இலை, பூ எல்லாம் அழுகிப் போய்விடும். கொண்டைக்கடலை அளவில் ஒரு கிழங்கு மட்டும் அடுத்த சாரல் வரைக்கும் பாசிக்கடியில் தூங்கும். மேலேயும் கீழேயும் எத்தனையோ பாறைகளில் ஏறி இறங்கித் தேடிவிட்டேன். அந்த ஒரு பாறையைத் தவிர வேறெங்கும் நான் அதைக் கண்டதில்லை.

அது எப்போது பூக்கிறது, எந்தப் பூச்சி வருகிறது, கிழங்காக எவ்வளவு காலம் கிடக்கிறது எல்லாம் எழுதி முடித்திருந்தேன். விதை அத்தியாயம் மட்டும் பாக்கி. விதை முளைப்பதைக் காட்டாமல் ஆய்வேடு செல்லாது என்று பல்கலைக்கழகத்தில் கறாராகச் சொல்லியிருந்தார்கள். அந்த இனத்துக் காய் முற்றிவிட்டால் தொட்ட மாத்திரத்தில் வெடித்து விதையை எங்கோ எறிந்துவிடும். முந்தின வருஷம் அப்படித்தான் எல்லாம் கைநழுவிப் போனது. அதனால் அந்த வருஷம் அப்பாவின் பழைய மல்வேட்டியைக் கிழித்து, விரல் நுனி அளவில் பைகள் தைத்து, பூ உதிர்ந்து காய் பிடித்ததும் கைக்கு எட்டிய ஒவ்வொரு காம்பிலும் கட்டிவிட்டு வந்தேன். இன்னும் இரண்டு வாரம் பொறுத்தால் விதை என் கையில். என் பதிவுக்காலம் அந்த டிசம்பரோடு முடிகிறது. பட்டம் வந்தால் அடுத்த ஜூனில் துறையில் காலியாகிற நிரந்தர வேலை எனக்கு. வராவிட்டால் ஆயுசுக்கும் மணிக்கணக்கு வேலையும் அடுத்தவன் வீட்டு கேஸ் சிலிண்டரும்தான்.

இனி விலங்கியல்காரரின் பெருமையைச் சொல்ல வேண்டும். அது ஒரு கண்ணாடிச் சீசாவுக்குள் இருந்தது. அவர் ஆய்வகத்துக்குள் நுழைந்ததும் நேர் எதிரே, பூட்டுப் போட்ட அலமாரியின் நடுத்தட்டில், சாலமாண்டர். எந்தக் காலத்திலோ கல்கத்தாப் பக்கமிருந்து வாங்கினது. இமயமலைச் சரிவில் குட்டைகளில் வாழ்கிற பிராணி. நான் பார்க்கும்போது ஃபார்மலினில் ஊறி ஊறி, வேகவைத்துத் தோலுரித்த சேப்பங்கிழங்கு நிறத்துக்கு வந்திருந்தது. வால் நுனி ஒடிந்து சீசாவின் அடியில் தனியாகக் கிடந்தது. பார்க்கப் பல்லிபோல இருக்கும், பல்லி இல்லை. பல்லிக்குச் செதிலும் நகமும் உண்டு, இதற்கு இரண்டும் கிடையாது. தவளைக்குத்தான் சொந்தம், வாலை உதிர்க்காமல் வைத்துக்கொண்ட சொந்தம். என் வழிகாட்டிக்கு இதெல்லாம் நன்றாகத் தெரியும். தெரிந்தும் வேண்டுமென்றே "அண்ணாச்சியோட பல்லி" என்றுதான் சொல்வார்.

எங்கள் மலையில் சாலமாண்டர் கிடையாது. ஆனால் அதே இருவாழ்விகள் வகுப்பில், காலே இல்லாத ஒரு பிராணி உண்டு. ஈரமண்ணுக்குள் இருக்கும், பார்த்தால் தடித்த மண்புழு என்று தோன்றும். பாபநாசம் பக்கத்திலிருந்து வந்து படித்த ஒரு பெண் ஒருநாள் அதை உயிரோடு ஒரு பவுடர் டப்பாவில் போட்டுக் கொண்டுவந்தாள். வாழைக்குக் குழி தோண்டும்போது கிடைத்ததாம். விலங்கியல்காரர் டப்பாவை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. "பாம்புக்குட்டிய எதுக்கு இங்கன தூக்கிட்டு வார? வெளிய கொண்டு போடு" என்று சொல்லிவிட்டுச் சாலமாண்டர் சீசாவைத் துடைக்கப் போய்விட்டார். இமயமலையில் இருக்கிறது எல்லாம் உசத்தி, காலடியில் கிடக்கிறது பாம்புக்குட்டி. இந்த ஊரில் படித்தவர்களின் அறிவு அவ்வளவுதான்.

வருஷா வருஷம் கல்லூரிக் கண்காட்சியில் இரண்டு துறைக்கும் மேஜை போடுகிற இடத்தில் சண்டை வரும். முதல்வர் வேதியியல்காரர், அவருக்கு இவர்கள் சண்டை சலித்துப்போய்விட்டது. அந்த வருஷம் ஒரே மேஜை என்று சொல்லிவிட்டார். ஒரு பூச்செடி, ஒரு விலங்கு. இரண்டையும் வகைப்பாட்டிலும் பாதுகாப்பு நிலையிலும் ஒப்பிட்டு ஒரு பெரிய அட்டை எழுதி மாட்ட வேண்டும். ஒற்றுமையாகச் செய்வார்கள் என்று பாவம் மனுஷன் நினைத்தார். கண்காட்சியில் சிறந்த பொருளுக்குக் கல்லூரிச் செயலாளர் கையால் ஒரு கேடயம் உண்டு என்பதை அவர் மறந்துவிட்டார். சகலப்பாடிகள் மறக்கவில்லை.

பூச்செடியையும் சாலமாண்டரையும் எதில் வைத்து ஒப்பிடுவது? உயிருள்ளவை என்ற முதல் வரியைத் தாண்டியதுமே ஒன்று தாவர உலகம், ஒன்று விலங்கு உலகம் என்று பிரிந்துபோன இரண்டு. அங்கிருந்து கீழே வகுப்பு, வரிசை, குடும்பம், பேரினம், சிற்றினம் என்று எத்தனை படி இறங்கினாலும் ஒன்றையொன்று திரும்பிப் பார்க்கப்போவதில்லை. எது மேல், எது கீழ் என்கிற பேச்சுக்கே அங்கே இடமில்லை. இவர்கள் இரண்டு பேரும் வரிக்கு வரி எதிரெதிரே வைத்துக்கொண்டு ஜாதகப் பொருத்தம் பார்ப்பது மாதிரி உட்கார்ந்துவிட்டார்கள். "எங்களுக்கு முதுகெலும்பு இருக்கு" என்பார் அவர். "எங்களுக்குப் பூ இருக்கு" என்பார் இவர். சம்பளம் வாங்குகிற இரண்டு பெரிய மனுஷர்கள் பேசுகிற பேச்சு இது. நான் பக்கத்தில் அட்டையையும் ஸ்கெட்ச் பேனாவையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கடைசி வரி பாதுகாப்பு நிலை. அங்கேதான் விலங்கியல்காரர் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார். சாலமாண்டர் சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட பிராணி, பிடித்தால் தண்டனை உண்டு. என் செடிக்கு அப்படி ஒரு சட்டமும் கிடையாது. அழியும் உயிர்களின் பட்டியல் எதிலும் அது இல்லை. நிறைய இருக்கிறது என்பதால் அல்ல, யாரும் எண்ணிப்பார்க்காததால்தான். எவன் கண்ணிலாவது பட்டால்தானே பட்டியலில் ஏறும்.

"என்ன வே," என்று விலங்கியல்காரர் சிரித்தார். "காசித்தும்பையப் போயா என் சாலமாண்டர் பக்கத்துல வைக்கப்போறீரு? எங்க வாசல்ல தொட்டி தொட்டியா நிக்கி. ஒம்ம மதினிதான் காலையில எந்திச்சு தண்ணி ஊத்துதா. வேணும்னா ரெண்டு தொட்டி அனுப்பி வைக்கேன்."

என் வழிகாட்டியின் முகம் சுருங்கிப்போனது. மாமனார் வீட்டு இரண்டாவது இலை அவர் கண்முன்னால் வந்திருக்க வேண்டும். "இது அந்தக் காசித்தும்பை இல்ல, அண்ணாச்சி. ஒலகத்துல ஒரே ஒரு பாறையில இருக்கு" என்றார். "ஒரு செடியக் காட்டி ஒலகத்துல ஒண்ணுன்னு யார் வேணும்னாலும் சொல்லலாம் வே" என்றார் அவர். அத்தோடு பேச்சு நின்றது. நான் அதை அங்கேயே மறந்துவிட்டேன். எனக்கு இருந்த கவலையெல்லாம் பைகள் காற்றில் அறுந்துவிடக்கூடாதே என்பதுதான்.

இந்த இடத்தில் என் வழிகாட்டியின் ஒரு பழக்கத்தைச் சொல்ல வேண்டும். தாவரவியல் மாணவர்கள் செடிகளைப் பிடுங்கி, செய்தித்தாளுக்கு நடுவில் வைத்து அழுத்திக் காயவைத்து, அட்டையில் தைத்துப் பெயர் எழுதி ஒப்படைக்க வேண்டும். ஹெர்பேரியம் என்று பெயர், தேர்வில் அதற்கு மதிப்பெண் உண்டு. இவர் அதற்கென்று ஒரு சட்டம் வைத்திருந்தார். குப்பைமேனி, நெருஞ்சி, தும்பை என்று கொண்டுவந்தால் மூக்கைச் சுளித்துக்கொண்டு பாதி மதிப்பெண். கிடைக்காத செடி என்றால் முழு மதிப்பெண். எதுவானாலும் வேரில்லாமல் கொண்டுவந்தால் தூக்கி எறிந்துவிடுவார். "வேரோட வேணும்லே. வேரில்லாத செடி செடியே கெடையாது" என்பார். வேலைக்கு வந்த நாளிலிருந்து இதே சட்டம். ஒவ்வொரு வருஷமும் ஒரு வகுப்பு, எது அரிதோ அதைத் தேடிப் போய் வேரோடு பிடுங்கிவந்து அவர் மேஜையில் குவித்தது. தேர்வு முடிந்ததும் அந்த அட்டைகளைக் கரையான் தின்றது. இந்த மனுஷன்தான் மூன்றாம் ஆண்டுக்குத் தாவரப் பாதுகாப்பு என்ற பாடம் நடத்தினார்.

அந்த வாரம் என்னைக் கூப்பிட்டு உடன்குடிக்குப் போய்வரச் சொன்னார். மச்சினன் மகளுக்குச் சடங்கு, மாமியார் வீட்டுக்குக் கருப்பட்டி வேண்டுமாம். "டவுன்ல விக்கிறது பூராவும் சீனி கலந்தது. நீ நேர்ல போய் மோந்து பாத்து வாங்கிட்டு வந்திரு, என்னம்மா?" ஆய்வேடு முடிக்கப்போகிற ஒருத்தியைக் கருப்பட்டி மோந்து பார்க்க அனுப்புகிறோமே என்கிற கூச்சம் ஒரு துளிகூட இல்லை. நானும் போனேன். பட்டம் கையெழுத்தாகிற வரைக்கும் எதற்கும் தலையாட்டுவது என்று முடிவு செய்திருந்தேன். திருச்செந்தூர் வழியாகப் பஸ் மாறிப் போய், ஓலைக்கொட்டானில் கட்டி வாங்கிக்கொண்டு, திரும்பி வர இருட்டிவிட்டது.

மறுநாள் காலையில் கொட்டானைத் தூக்கிக்கொண்டு துறைக்குள் நுழைந்தேன். கீரை அவிந்த வாடை அடித்தது. மேஜையைச் சுற்றி இரண்டாம் ஆண்டு வகுப்பு முழுக்க நின்றது. செய்தித்தாள் விரித்து, ஆளுக்கு ஒரு செடி, சிலருக்கு இரண்டு மூன்று. இலை, காம்பு, கிழங்கு எல்லாம் பதவிசாகப் பரப்பி வைத்திருந்தார்கள். கிட்டே போய்ப் பார்த்தேன். காம்பில் நான் கட்டிய நூல் இருந்தது. பையை மட்டும் காயோடு பிய்த்துப் போட்டிருந்தார்கள். மல்துணிப் பைகள் குப்பைக்கூடையில் கிடந்தன, உள்ளே பால் பிடிக்காத பச்சைக் காய்கள்.

"அக்கா, நேத்து சார் டூர் கூட்டிட்டுப் போனாரு" என்றாள் ஒருத்தி. "ஒங்க செடி இருக்குல்லா, அதான். கொண்டாந்தா முழு மார்க்காம். வேரு அறுந்தா கெடையாதுன்னுட்டாரு, அதனால எல்லாரும் மெதுவாத்தான் எடுத்தோம், ஒண்ணுகூட அறுக்கல." நல்ல காரியம் செய்துவிட்ட முகத்தோடு சொன்னாள். அவளைச் சொல்லி என்ன ஆகப்போகிறது? மதிப்பெண்ணைக் காட்டினால் மலையையே பிடுங்கிக்கொண்டு வருகிற கூட்டமாக வளர்த்து வைத்திருந்தார்கள்.

காய் போனாலும் கிழங்கு இருக்கிறதே என்று தோன்றியது. கிழங்கு உயிரோடு இருந்தால் திரும்பக் கொண்டுபோய்ப் பாசியில் வைத்துவிடலாம், அடுத்த சாரலுக்கு முளைத்துவிடும், ஒரு வருஷம் கெஞ்சிக் கூத்தாடித் தவணை வாங்கிவிடலாம். ஒரு கிழங்கை எடுத்து விரலால் அழுத்தினேன். மசிந்து விரலில் ஒட்டியது. அப்போதுதான் மூலையில் அடுப்பையும் அதன்மேல் இருந்த அலுமினியப் பாத்திரத்தையும் பார்த்தேன். கிழங்குள்ள செடியை அப்படியே அழுத்தினால் தாளுக்குள் இருந்தே துளிர்த்துவிடும், அதனால் கொதிக்கிற தண்ணீரில் முக்கி எடுத்துச் சாகடித்துவிட வேண்டும் என்பது முறை. முறையில் யாரும் தவறவில்லை. ஒன்று பாக்கியில்லாமல் அத்தனையையும் அவித்திருந்தார்கள். ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன்.

கருப்பட்டிக் கொட்டானை அங்கேயே போட்டுவிட்டு அம்பாசமுத்திரத்துக்குப் பஸ் ஏறினேன். அங்கிருந்து மலைக்குப் போகிற பஸ். கண்டக்டர் என்னைத் தெரிந்தவர், வாரத்துக்கு ஒருதரமாவது அந்த வளைவில் இறக்கிவிடுகிறவர். "நேத்து ஒங்க காலேஜ் பஸ்ஸு வந்துச்சே, நீங்க வரலியா?" என்று கேட்டார். "பிள்ளைக வழுக்கி வழுக்கி விழுந்துச்சுவ. தோள்மேல ஏறி நின்னுல்லா எடுத்துச்சுவ." எனக்கு எட்டாத உயரத்தில் சில செடிகள் இருந்தன, அவற்றை நம்பித்தான் போய்க்கொண்டிருந்தேன். அதையும் விட்டுவைக்கவில்லை என்று பாறைக்குப் போகுமுன்பே தெரிந்துவிட்டது.

பாறை மொட்டையாக இருந்தது. பாசியைப் பாளம் பாளமாக உரித்துக் கீழே தள்ளியிருந்தார்கள். கிழங்கு இருந்த குழிகளில் தண்ணீர் தேங்கி நின்றது. கீழே எச்சில் இலைகளும் புளியோதரைப் பொட்டலத் தாளும் கிடந்தன. விரல் நுழைகிற ஒவ்வொரு சந்திலும் விரலை விட்டுப் பார்த்தேன். திரும்பிவருகிற பஸ் வரும்வரை தேடினேன். ஒன்றும் இல்லை. அழுகை வரவில்லை, காறித் துப்ப வேண்டும்போல இருந்தது. அதற்குப் பிறகு வந்த இரண்டு சாரலுக்கும் போய்ப் பார்த்தேன், பாசி மட்டும்தான் வந்தது.

மலைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்ததைச் சொல்லி, வழிகாட்டியிடம் மறுநாள் கேட்டேன். அவர் அழுத்துபலகையைப் பிரித்து ஒவ்வொரு தாளாகப் பார்த்து மகிழ்ந்துகொண்டிருந்தார்.

"பாத்தியாம்மா, வேர்நுனிகூட ஒடியல. இத்தன வருஷத்துல இப்படி ஒரு செட்டு நான் பாத்தது கெடையாது" என்றார்.

"சார், எனக்கு விதை வேணுமே சார். இன்னும் ரெண்டு வாரத்துல விளைஞ்சிருக்கும்."

"விதைக்கு என்னம்மா, அடுத்த வருஷம் வரும்லா."

"எதுலேருந்து சார் வரும்?"

அந்தக் கேள்வி அவருக்கு நிஜமாகவே புதிதாக இருந்தது. மோவாயைத் தடவினார். பெரிய படிப்புப் படித்த அந்தத் தலைக்குள் அந்த நிமிஷம்தான் அது நுழைந்தது என்று பார்த்தாலே தெரிந்தது. நுழைந்ததும் வெளியே போய்விட்டது. "மலையில எங்கயாவது இருக்கும்மா. மலை எம்புட்டுப் பெருசு" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அண்ணாச்சி ஒரு செடியக் காட்டி யார் வேணும்னாலும் சொல்லலாம்னாருல்லா? இப்ப மேஜை நெறைய வைக்கேன் பாரு. அவரு ஒத்தப் பல்லிய வெச்சுக்கிட்டு என்ன செய்யுதாருன்னு பாப்பம்" என்றார். ஒரு செடி அரிதானது என்று நிரூபிக்க மேஜை நிறைய அதைப் பிடுங்கி வைத்திருக்கிறார், அதில் இருக்கிற கோளாறுகூடத் தெரியவில்லை. கெட்டவன் என்றால்கூடத் திட்டித் தீர்த்துக்கொள்ளலாம், இது வெறும் மரமண்டை. இத்தனை வருஷம் இந்த ஆளுக்கு முன்னால் கைகட்டி நின்றேன் என்று நினைக்க உடம்பெல்லாம் கூசியது.

என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால் அட்டையையும் நான்தான் எழுத வேண்டும். சாலமாண்டர் பக்கத்துக்கு விலங்கியல்காரர் சொல்லச் சொல்ல எழுதினேன். விலங்குலகம், முதுகெலும்பு உள்ளவை, இருவாழ்விகள், வாலுள்ளவை. நிலை: அழியும் அபாயம், சட்டப் பாதுகாப்பு உண்டு. செடிப் பக்கத்துக்கு என் வழிகாட்டி சொன்னார். தாவர உலகம், பூக்கும் தாவரம், இருவித்திலை, காசித்தும்பைக் குடும்பம். கடைசி வரிக்கு வந்ததும், "அரிதுன்னு போடு" என்றார். கொஞ்சம் யோசித்து, "வேண்டாம், மிக அரிதுன்னு போட்டுரு. அவருக்கு ஒரு படி மேல இருக்கட்டும்" என்றார். இரண்டு பேரும் டீ குடிக்கப் போனார்கள்.

நான் அந்த இடத்தில் 'அழிந்துவிட்டது, இந்த ஆவணியில்' என்று எழுதினேன். சிவப்புப் பேனாவால், மற்ற எழுத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக. எழுதியதும் அட்டையைச் சுருட்டிக் கட்டிவைத்துவிட்டேன். கண்காட்சியன்று விருந்தாளிகள் வருகிற நேரத்துக்குத்தான் எடுத்து மாட்டினேன். ஊர் பார்க்க அந்த மனுஷன் தலை குனிய வேண்டும், எனக்கு வேறு ஒன்றும் வேண்டாம். வேலைதான் போய்விட்டது, இதாவது மிஞ்சட்டும் என்று இருந்தது.

செயலாளர் மாலையும் கழுத்துமாக வந்தார். டிராக்டர் வியாபாரம் செய்கிறவர், உயிரியலுக்கும் அவருக்கும் இருந்த சம்பந்தம் அவர் தினமும் சாப்பிடுவதோடு சரி. மேஜைக்கு முன்னால் நின்று இரண்டு பக்கத்தையும் பார்த்தார். ஒரு பக்கம் சேப்பங்கிழங்கு நிறச் சாலமாண்டர், ஒரு பக்கம் தாள் தாளாக என் செடிகள். "ரெண்டுல எது வே ஒசத்தி?" என்று கேட்டார். விலங்கியல்காரர் முந்திக்கொண்டார். சட்டம், தண்டனை, இமயமலை என்று அடுக்கினார். செயலாளர் தலையாட்டிக்கொண்டே கேடயம் வைத்திருந்த பக்கம் திரும்பப் போனார்.

என் வழிகாட்டி அவசரமாக அட்டையின் கடைசி வரியில் விரலை வைத்தார். வைத்த பிறகுதான் படித்தார். ஒருதரம் படித்தார், கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு இன்னொருதரம் படித்தார். திரும்பி என்னைப் பார்ப்பார், அப்போது என் கண்ணை எடுக்கக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

அவர் முகம் மலர்ந்தது. அப்படி ஒரு சந்தோஷத்தை அந்த முகத்தில் நான் அதற்கு முன்னால் பார்த்ததே இல்லை.

"இங்கன பாரும் வே," என்று சகலப்பாடியின் தோளைத் தட்டினார். "ஒம்ம பல்லி இனிமேத்தான் அழியணும். நம்ம செடி அழிஞ்சே போச்சு. இதுக்கு மேல படி கெடையாது."

விலங்கியல்காரருக்கு ரத்தம் சுண்டிப்போனது. அட்டையைப் பார்த்தார், தாள்களைப் பார்த்தார். "அதெப்படி வே? அழிஞ்சதுன்னு யாரு பாத்தா? சும்மா எழுதிப்போட்டா ஆச்சா?" என்றார்.

"பாக்காம எழுதுவமா? என் ஆராய்ச்சி மாணவி மலைக்கே போய்ப் பாத்துட்டு வந்திருக்கா. அந்தச் செடியப் பத்தி ஒலகத்துலயே அவளுக்குத்தான் தெரியும். அவளையே கேளும்." என் பக்கம் திரும்பினார். செயலாளரும் திரும்பினார். "சொல்லும்மா. ஒண்ணாவது மிச்சம் இருக்கா?"

எல்லாரும் என் வாயையே பார்த்தார்கள். என்ன சொல்வது? இருக்கிறது என்று பொய் சொல்லவா?

"இல்ல சார்" என்றேன். "ஒண்ணுகூட இல்ல."

என் ஆராய்ச்சியில் நான் சபையில் சொன்ன முடிவு அது ஒன்றுதான். கை தட்டினார்கள்.